ஐயத்தின் நடுவே உகந்த வழி
(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் கணிதத்தைப் பற்றிப் பேசுமாறு குழுவினர் பணித்தபோது நான் சற்றே தயங்கினேன். வாழ்த்துரை கேட்க வந்தோரைக் கரும்பலகையின் முன் அமர்த்துவது முறையாகுமோ என்ற அச்சம் எழுந்தது. ஆயினும், கணிதத்தின் ஒரு பகுதி நம் வீட்டு அடுப்போடும் வயலோடும் பிள்ளைகளின் படிப்போடும் நேரே தொடர்புடையது. நம்மைப் போன்றோர் செய்யும் முடிவுகளை 'அறியாமை' என்று பிறர் இகழும்போது, அவ்விகழ்ச்சி சரிதானா என்று சீர்தூக்கிப் பார்க்க உதவுவதும் அப்பகுதியே. ஆகவே அதனைப் பற்றியே சில சொல்ல விழைகின்றேன்.

எது மிகச் சிறந்த வழி என்று தேடும் கணிதத்திற்கு உகப்பாக்கம் என்று பெயர். பெயர் புதிதாயினும் பொருள் பழையது. விடுதிச் சமையற்கட்டை எண்ணிப் பாருங்கள். அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, கீரை எவ்வளவு என்பவை நாம் முடிவு செய்யவேண்டியவை. பிள்ளைகளுக்குப் போதிய சத்து கிடைக்கவேண்டும், இருப்புக்கு மேல் எடுக்க இயலாது என்பவை கட்டுப்பாடுகள். செலவு மிகக் குறைவாக இருக்கவேண்டும் என்பது குறிக்கோள். அக்குறிக்கோளை எண்களால் எழுதினால் அது குறிக்கோள் சார்பு எனப்படும். சோவியத் நாட்டுக் கணித அறிஞர் கான்டரோவிச் 1939ஆம் ஆண்டில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையின் உற்பத்தியைத் திட்டமிடுவதற்காக இவ்வகைக் கணக்குகளை ஆராய்ந்தார். அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் 'சிம்ப்ளெக்ஸ்' என்னும் தீர்வுமுறையைக் கண்டார். கான்டரோவிச்சும் கூப்மன்ஸ் என்பவரும் 1975இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இக்கணிதத்தின் தொடக்கக் கதைகளுள் ஒன்று உணவைப் பற்றியதே. 1945ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்னும் பொருளியல் அறிஞர் ஒரு வினாவை எழுப்பினார். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண்மகன் தேவையான சத்துகள் அனைத்தையும் பெற்று ஓராண்டு உயிர்வாழ மிகக் குறைந்த செலவு என்ன? அவர் 77 உணவுப் பொருள்களையும் 9 சத்துகளையும் எடுத்துக்கொண்டார். நேரிய தீர்வுமுறை அன்று இல்லாமையால் அறிவுக்கு எட்டியவாறு ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்து, 1939ஆம் ஆண்டு விலைப்படி ஆண்டுக்கு 39 டாலர் 93 சென்ட் போதும் என்று கண்டார். கோதுமை மாவு, சுண்டிய பால், முட்டைக்கோசு, பசலைக்கீரை, உலர்ந்த அவரை விதை ஆகிய ஐந்தே பொருள்கள் அப்பட்டியலில் இருந்தன.

சிம்ப்ளெக்ஸ் முறை பிறந்த பின்னர், 1947இல், லேடர்மன் என்பவர் இதே கணக்கை அம்முறைப்படி போடச் செய்தார். மேசைக் கணக்கிடு கருவிகளுடன் ஒன்பது பேர் அமர்ந்தனர். ஒருவரே தனித்துச் செய்திருந்தால் 120 நாள் ஆகியிருக்கும் அளவுக்கு அவ்வேலை இருந்தது. உண்மையான மிகக்குறைந்த செலவு 39 டாலர் 69 சென்ட் என்று வந்தது. ஸ்டிக்லரின் விடை 24 சென்ட் மட்டுமே தவறியிருந்தது.

இதனைக் கேட்பவர்கள் அந்த 24 சென்ட்டை எண்ணி வியப்பர். நான் வேறொன்றை எண்ணுகின்றேன். ஸ்டிக்லர் 1944ஆம் ஆண்டு விலையை வைத்தும் அதே கணக்கைப் போட்டார். ஐந்தே ஆண்டு இடைவெளியில் செலவு 59 டாலர் 88 சென்ட்டாக உயர்ந்தது. செலவு உயர்ந்தது மட்டுமன்று, பட்டியலே மாறிவிட்டது. பாலும் அவரையும் வெளியேறின. வேறொரு வகை மாவும் பன்றி ஈரலும் உள்ளே வந்தன. மனிதனின் உடல் மாறவில்லை, சத்துத் தேவையும் மாறவில்லை. குறிக்கோள் சார்பிலுள்ள விலைகள் மாறின. அவ்வளவே. நேற்றைய மிகச்சிறந்த விடை இன்று மிகச்சிறந்த விடையாக இல்லாமற் போயிற்று.

இங்கேதான் நம் பொருள் தொடங்குகின்றது. குறிக்கோள் சார்பே உறுதியற்றதாக இருந்தால் உகந்ததை எவ்வாறு தேடுவது? இவ்வுறுதியின்மை இருவகைப்படும். குறிக்கோள் இன்னதெனத் தெரியும், ஆனால் அதிலுள்ள எண்கள் தெரியா என்பது ஒன்று. எதனைக் குறிக்கோளாகக் கொள்ளவேண்டும் என்பதே தெளிவாகத் தெரியாதது மற்றொன்று. முதலில் முன்னதைக் காண்போம்.

என் தந்தையார் ஏரிப் பாசனத்தின் கடைமடையில் மூன்று ஏக்கர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர். ஏரி நிறைந்தால் எங்கள் வயலுக்கும் நீர் வரும். நிறையாவிட்டால் மேல்மடையோடு நின்றுவிடும். அவர் பெரும்பாலும் கம்பு விதைப்பார். நான் கல்லூரியில் கணிதம் பயின்றுகொண்டிருந்த நாளில், விடுமுறைக்கு வந்தபோது, நெல் பயிரிடாமல் அவர் ஆண்டுதோறும் இழப்படைவதாகக் கணக்கெழுதிக் காட்டினேன். அந்தத் தாள் இப்போது என்னிடம் இல்லை. ஆகவே விளக்கத்திற்காக நானே அமைத்துக்கொண்ட எண்களைத் தருகின்றேன். மூன்று ஏக்கருக்குமான வரவு, ஆயிரம் ரூபாய்க் கணக்கில்:

நெல்: நல்ல மழையானால் 210, நடுத்தர மழையானால் 90, மழை பொய்த்தால் 60 நட்டம்.
கடலை: நல்ல மழையானால் 135, நடுத்தர மழையானால் 90, மழை பொய்த்தால் வரவுமில்லை, நட்டமுமில்லை.
கம்பு: நல்ல மழையானால் 90, நடுத்தர மழையானால் 75, மழை பொய்த்தாலும் 30.

மூவகை ஆண்டுகளும் சமமாக வரும் என்று கொண்டால், நெல்லின் சராசரி 80, கடலையின் சராசரி 75, கம்பின் சராசரி 65. ஆகவே நெல்லே உகந்தது என்பது என் வாதம். தந்தையார் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் சராசரி வந்து சேர்ற வரைக்கும் அடுப்பு எரிய வேணுமேப்பா" என்றார். எனக்கு அன்று அது விளங்கவில்லை. படிப்பறிவில்லாதவர் எண்ணுக்கு அஞ்சுகின்றார் என்றே கருதினேன். அவ்வாறு கருதியதற்காக இன்றும் நாணுகின்றேன்.

நான் செய்த பிழை யாது? சராசரியைப் பற்றிக் கணிதம் ஒரு வசதியான உண்மையைச் சொல்கின்றது. வரவு நேர்விகிதமாக அமைந்திருந்து, நாம் சராசரியை மட்டுமே நாடுவோமாயின், மாறும் எண்கள் ஒவ்வொன்றின் இடத்திலும் அதன் சராசரியை எழுதிவிட்டுப் பழைய முறைப்படியே கணக்கைப் போடலாம்; விடை பிழைபடாது. ஐயமே இல்லாத கணக்குப்போல அது ஆகிவிடும். ஆனால் ஐயம் மறைந்தது தாளிலேதான். வயலில் அது அப்படியே நிற்கின்றது. களஞ்சியமும் கையிருப்பும் உள்ளவர் 60 ஆயிரம் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு அடுத்த நல்ல ஆண்டுவரை காத்திருப்பார். பல ஆண்டுகளில் சராசரி அவரை வந்தடையும். கையிருப்பில்லாதவரோ முதல் நட்டத்திலேயே வட்டிக் கடனில் வீழ்வார். வார நிலமும் கைவிட்டுப் போகும். அவருக்கு நான்காம் ஆண்டு என்பதே இல்லை. இருவரும் ஒரே எண்களைப் பார்த்தாலும் இருவருடைய கணக்கும் ஒன்றன்று.

மேலும், மூவகை ஆண்டுகளும் சமமாக வரும் என்று எனக்கு யார் சொன்னது? ஃபிராங்க் நைட் என்னும் அறிஞர் 1921இலேயே இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். பகடையில் ஆறு விழும் வாய்ப்பு இன்னதென நமக்குத் தெரியும். அளக்க இயலாத ஐயம் வேறு. வாய்ப்பே தெரியாதபோது சராசரியை எடுக்கவும் வழியில்லை.

அத்தகைய நிலையில் என்ன செய்யலாம் என்பதற்குத் தெளிவான கணித வடிவம் தந்தவர் ஆபிரகாம் வால்டு. அவர் வரலாறு நாம் அறியவேண்டியது. 1902ஆம் ஆண்டில், அந்நாளில் ஹங்கேரியைச் சேர்ந்திருந்ததும் இன்று ருமேனியாவில் உள்ளதுமான ஒரு நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள்; அன்று பள்ளிக்குச் செல்ல அவர் சமயநெறி இடந்தரவில்லை. எனவே இளமைக் கல்வியை வீட்டிலேயே பெற்றார். வியன்னாப் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றும், யூதர் என்ற காரணத்தால் அங்கே பல்கலைக்கழகப் பணி அவருக்குக் கிட்டவில்லை. தனிப்பாடம் சொல்லியும் பொருளியல் ஆராய்ச்சியில் உதவியும் காலம் கழித்தார். 1938இல் ஆஸ்திரியாவை நாஜிகள் கைப்பற்றியபின் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஐரோப்பாவில் தங்கிவிட்ட அவர் குடும்பத்தினருள் பெரும்பாலோர் நாஜிகளால் கொல்லப்பட்டனர்.

வால்டு காட்டிய வழிகளுள் ஒன்று இது: ஒவ்வொரு முடிவுக்கும் நேரக்கூடிய மிகத் தீய விளைவைக் காண்க, அத்தீய விளைவுகளுள் எது மற்றவற்றைவிட மேலானதோ அம்முடிவைக் கொள்க. மேற்கண்ட அட்டவணையில் நெல்லின் மிகத் தீய விளைவு 60 நட்டம், கடலைக்குச் சுழி, கம்புக்கு 30 வரவு. ஆகவே கம்பு. என் தந்தையார் விதைத்ததும் அதுவே! கொலம்பியாப் பேராசிரியர் எழுத்தில் வகுத்த விதியை, கடைமடைக் குடியானவர் தம் வயலில் பின்பற்றிவந்தார். அதனை 'அச்சம்' என்று நான் இகழ்ந்தேன்.

வால்டின் முடிவு நம் மண்ணோடு தொடர்புடையது. அவர் இவ்வாராய்ச்சிகளைத் தொகுத்து நூலாக வெளியிட்ட ஆண்டு 1950. அவ்வாண்டின் இறுதியில் இந்திய அரசின் அழைப்பை ஏற்றுச் சொற்பொழிவாற்ற இந்நாட்டுக்கு வந்தார். டிசம்பர் 13ஆம் நாள் அவரும் அவர் துணைவியாரும் சென்ற விமானம் நம் நீலகிரி மலையில் மோதி வீழ்ந்தது. இருவரும் மாண்டனர். அப்போது அவருக்கு வயது 48.

வால்டின் நூலை ஆராய்ந்து சாவேஜ் என்பவர் 1951இல் ஒரு கட்டுரை எழுதினார். மிகத் தீயதை மட்டுமே நோக்கினால், நல்ல ஆண்டில் கைக்கு எட்டியிருக்கக் கூடியதையெல்லாம் இழக்க நேரிடுமே என்பது இவ்விதியின் குறை. எனவே வரவைப் பார்க்காமல் கழிவிரக்கத்தைப் பாருங்கள் என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். 'ஐயோ, அதைச் செய்திருக்கலாமே' என்று பின்னர் வருந்துகின்றோம் அல்லவா? அவ்வருத்தத்தை எண்ணால் அளக்கலாம். நல்ல ஆண்டில் கம்பு விதைத்தவர் 210க்குப் பதில் 90 பெறுவார், கழிவிரக்கம் 120. பொய்த்த ஆண்டில் நெல் விதைத்தவர் 30 வரவுக்குப் பதில் 60 நட்டமடைவார், கழிவிரக்கம் 90. கடலைக்கு மிகப்பெரிய கழிவிரக்கம் 75. ஆகவே இவ்விதிப்படி கடலையே சிறந்தது.

பாருங்கள், ஒரே நிலம், ஒரே அட்டவணை. சராசரி நெல்லைச் சொல்கின்றது, தீமைக்கு அஞ்சும் விதி கம்பைச் சொல்கின்றது, கழிவிரக்க விதி கடலையைச் சொல்கின்றது. கணிதம் முரண்படவில்லை, நாம் கேட்கும் வினாக்கள் வேறுபடுகின்றன. இன்னும் ஒன்று. நிலத்தைப் பிரித்து ஒரு ஏக்கரில் நெல்லும் இரண்டு ஏக்கரில் கடலையும் பயிரிட்டால் வரவு முறையே 160, 90, 20 நட்டம் என்றாகும். அப்போது மிகப்பெரிய கழிவிரக்கம் 50 மட்டுமே. எப்படிப் பிரித்தாலும் இதற்குக் கீழே கொண்டுவர இயலாது என்பதையும் கணித முறையில் நிறுவலாம். எண்கள் உறுதியாகத் தெரிந்திருந்தால் நெல் முழுவதும், அல்லது கம்பு முழுவதும் என்று ஒரே பயிர் விடையாக வந்திருக்கும். ஐயம் புகுந்தபின்னரே கலப்பு சிறப்புப் பெறுகின்றது. கையிலுள்ளதையெல்லாம் ஒன்றிலேயே போடாதே என்று முதியோர் சொல்வதன் கணிதப் பொருள் இதுவே.

இதுவரை சொன்னவற்றுள் முதன்மையானதற்கு இப்போது வருகின்றேன். மழை பொய்த்த ஆண்டில் எந்தக் குடியானவரின் வரவும் 30 ஆயிரத்திற்குக் கீழே போகாதவாறு ஒரு பொதுநிதி தாங்கிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அப்போது நெல்லின் வரிசை 210, 90, 30 என்றாகும். கடலை 135, 90, 30. கம்பு 90, 75, 30. இப்போது எந்த ஆண்டிலும் நெல் மற்றவற்றுக்குக் குறைவதில்லை. சராசரி விதி, வால்டின் விதி, கழிவிரக்க விதி எதைக் கேட்டாலும் நெல்லுக்கு எதிராக ஒரு சொல்லும் வாராது. குடியானவரின் மனம் மாறவில்லை. எவரும் வந்து அவருக்குத் துணிவைப் போதிக்கவில்லை. அவர் காலின் கீழிருந்த பள்ளம் தூர்க்கப்பட்டது, அவ்வளவே.

இதனால் நிதி அழியுமோ எனின், அதையும் கணக்கிடலாம். பொய்த்த ஆண்டில் நிதி 90 தரவேண்டும். மூன்றாண்டுச் சராசரியில் அது ஆண்டுக்கு 30. நெல் விதைத்தவர் கைக்கு வருவதோ சராசரி 110. நல்ல ஆண்டுகளில் அவர் அந்த 30ஐத் திருப்பிச் செலுத்தினாலும் அவரிடம் 80 நிற்கும். முன்பு கம்பினால் பெற்றது 65. ஆகவே ஆண்டுக்கு 15 ஆயிரம் புதிதாக விளைந்திருக்கின்றது. எவரிடமிருந்தும் அது பறிக்கப்படவில்லை. தாங்குநிதி இருந்தால் எவரும் பொறுப்பின்றி நடப்பார் என்று சிலர் கூறுவர். அவ்விடர் இல்லாமல் இல்லை. எந்த நட்டத்தை எவ்வளவு தாங்குவது என்பதை வரையறுத்து அதனைக் காக்கவேண்டும். வரம்பு வகுக்க வேண்டும் என்பதற்காக நிதியே வேண்டாம் என்பது முறையாகாது.

பெற்றோர்களே, மகளைக் கல்லூரிக்கு அனுப்புவதா, கூலி வேலைக்கு அனுப்புவதா என்று ஒரு தாய் கலங்கும்போது அவர் போடுவதும் இதே கணக்கே. படித்தால் நாளை மிகுதியாக வரும் என்பது சராசரி. படிப்பு இடையில் நின்றுபோனால் கூலியும் போய்க் கடனும் மிஞ்சும் என்பது மிகத் தீய விளைவு. அத்தாய்க்குக் கல்வியின் அருமை தெரியவில்லை என்று மேடையில் பேசுவது எளிது. அவருக்குத் தெரியும், சராசரி வரும்வரை அடுப்பெரிய வழிதான் தெரியவில்லை. உதவித்தொகையும் விடுதியும் செய்வது அந்தப் பள்ளத்தைத் தூர்க்கும் வேலையே. ஆகவே அது இரக்கத்தால் இடும் பிச்சையன்று. உகந்த முடிவை ஏழையும் எடுக்க இயலுமாறு செய்யும் ஏற்பாடு.

மாணவர்களுக்கு இன்னொரு கருத்து. டான்ட்சிக் 1955ஆம் ஆண்டில் ஐயநிலைத் திட்டமிடலைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். எல்லா முடிவுகளையும் இன்றே எடுக்கவேண்டியதில்லை என்பது அதன் உயிர்நாடி. சிலவற்றை இன்று முடிவு செய்கின்றோம். பின்னர் உண்மை நிலை தெரிகின்றது. அப்போது திருத்தம் செய்கின்றோம். இன்றைய முடிவை எடுக்கும்போதே நாளைய திருத்தத்திற்கு ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். எந்த வழித்தடத்தில் எத்தனை பேர் பயணம் செய்வர் என்று முன்கூட்டித் தெரியாத நிலையில் விமானங்களைப் பங்கிடும் கணக்கிற்கு இம்முறை அந்நாளிலேயே பயன்பட்டது. நீங்கள் பாடம் தேர்ந்தெடுக்கும்போதும் இதனை நினையுங்கள். எது இன்று மிகுதியாகப் பேசப்படுகின்றது என்று மட்டும் பாராமல், பின்னர் வழி மாற நேர்ந்தால் எத்தனை கதவுகள் திறந்திருக்கும் என்றும் பாருங்கள்.

தீமை எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வரும் என்று அஞ்சவும் வேண்டுவதில்லை. எண்கள் சற்று மாறினாலும் குலையாத தீர்வுகளைத் தேடும் துறை 1990களின் இறுதியிலிருந்து விரைந்து வளர்ந்தது. பென்-தால், நெமிரோவ்ஸ்கி ஆகியோர் அதற்கு அடித்தளமிட்டோருள் முதன்மையானவர்கள். எத்தனை எண்கள் ஒருசேரக் கெடக்கூடும் என்பதற்கு ஓர் எல்லை வைத்துக்கொண்டு, அவ்வளவுக்கு மட்டும் காப்புத் தேடும் முறையைப் பெர்ட்சிமாஸ், சிம் என்னும் இருவர் 2004இல் வகுத்தனர். காப்புக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கொடுப்பதே அறிவுடைமை.

இனி இரண்டாம் வகை ஐயம்: எதனை நாடவேண்டும் என்பதே தெளிவில்லாத நிலை. இதற்கும் டான்ட்சிக்கே சான்று. தம் அனுபவத்தை அவரே 1990ஆம் ஆண்டில் எழுதியிருக்கின்றார். 1950களின் தொடக்கத்தில் உடல் எடையைக் குறைக்குமாறு மருத்துவர் அவருக்கு அறிவுரை கூறினார். உணவைக் கணிப்பொறியே தீர்மானிக்கட்டும் என்று அவர் எண்ணினார். வயிறு நிறைந்த உணர்வு மிகுதியாக இருக்கவேண்டும் என்பது குறிக்கோள். அதனை எண்ணாக்க, உணவின் எடையிலிருந்து அதிலுள்ள நீரின் எடையைக் கழித்துக்கொண்டார். பொறி விடை தந்தது: நாள் ஒன்றுக்கு 500 கேலன், அதாவது ஏறத்தாழ 1,900 லிட்டர் வினிகர்! அட்டவணையில் வினிகரின் நீரளவு சுழி என்று இருந்ததே காரணம். வினிகரை நீக்கிவிட்டு மீண்டும் போட்டார். இறைச்சிச் சாற்றுக் கட்டிகள் 200 உண்க என்று வந்தது. சிலவற்றை வெந்நீரில் கரைத்துப் பார்த்தார், உவர்நீராக இருந்தது. உப்புக்கு மேல்வரம்பு வைக்க எவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அக்கட்டிகளுக்கு வரம்பிட்டபின் நாளைக்கு இரண்டு பவுண்டு தவிடு என்று வந்தது. இறுதியில் அவர் துணைவியார் தாமே உணவைத் திட்டமிட்டு அளித்தார். டான்ட்சிக்கின் எடை 22 பவுண்டு குறைந்தது.

சிரிப்பதற்குரிய கதைதான். ஆயினும் இதில் ஒரு பெரும் எச்சரிக்கை இருக்கின்றது. கணிப்பொறி பிழை செய்யவில்லை, கேட்டதைத்தான் கொடுத்தது. குறிக்கோளை எழுதியதில் எங்கே ஓட்டை இருந்ததோ, அங்கேயே போய்ச் சேர்ந்தது. மிகச் சிறந்ததைத் தேடும் முறையின் இயல்பு அது. ஓட்டை எவ்வளவு சிறிதாயினும் தேடல் அதனை விடாது. தேடும் ஆற்றல் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு விரைவில் அதனைக் கண்டுபிடிக்கும். கணிப்பொறிகள் அன்றையினும் பன்மடங்கு வலிமை பெற்றுள்ள இக்காலத்திற்கு இது மேலும் பொருந்தும்.

நம் துறைக்கே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கின்றேன். ஒரு பள்ளியில் 40 பேர் தேர்வெழுதி 30 பேர் தேறினால் தேர்ச்சி விழுக்காடு 75. 'விழுக்காட்டை உயர்த்துக' என்பதே குறிக்கோளாயின் மிக எளிய வழி யாது? தேறமாட்டார் என்று தோன்றும் 8 பேரைத் தேர்வுக்கு முன்னரே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவது. அப்போது 32 பேரில் 30 பேர்; விழுக்காடு ஏறத்தாழ 94. ஒரு பிள்ளைகூடப் புதிதாகத் தேறவில்லை. எட்டுப் பிள்ளைகள் தெருவில் நிற்கின்றனர். ஆனால் பள்ளிக்குப் பாராட்டு. இதுவும் 500 கேலன் வினிகரே. அவ்வாறு வெளியேற்றப்படும் எட்டுப் பேர் பெரும்பாலும் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பதை இந்த அவைக்கு நான் சொல்லவேண்டுவதில்லை.

இதைவிடக் கடினமான இடமும் உண்டு. 1953ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், நெதர்லாந்தில் கடல் பொங்கிக் கரைகளை உடைத்து 1,836 பேரைக் கொண்டது. கரையை எவ்வளவு உயர்த்துவது என்று ஆராய்ந்த அந்நாட்டுக் குழுவுக்குக் கணித அறிஞர் வான் டான்ட்சிக் துணைநின்றார். இவர் முன்னே சொன்ன டான்ட்சிக் அல்லர். கரை உயர்த்தும் செலவையும் வெள்ளத்தால் நேரக்கூடிய இழப்பின் சராசரியையும் கூட்டி, அக்கூட்டுத்தொகை மிகக் குறையும் உயரத்தை அவர் கணக்கிட்டார். 1956இல் அது வெளிவந்தது. வீட்டுக்கும் மாட்டுக்கும் விலை எழுதலாம். மனித உயிருக்கு என்ன எழுதுவது? அந்த இடத்தில் எதை எழுதினாலும் அது கணிதம் தரும் எண்ணன்று. மக்கள் தம் மனச்சான்றின்படி தீர்மானிக்கவேண்டியது. நாட்டின் மிக முதன்மையான பகுதிக்கு, பதினாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தையும் தாங்கும் அளவைக் குழு இறுதியில் பரிந்துரைத்தது.

ஆகவே, குறிக்கோளே ஐயத்திற்குரியதாக இருக்கும்போது கைக்கொள்ளத்தக்க நெறிகளாக மூன்றைக் கூறுவேன். முதலாவது, விடை வந்ததும் ஏற்றுக்கொள்ளாமல், இவ்வாறு வாழ இயலுமா என்று பாருங்கள். இயலாதெனில் நாம் எழுத மறந்த கட்டுப்பாடு எங்கோ இருக்கின்றது. இரண்டாவது, ஒரே குறிக்கோளை மட்டும் நம்பாமல், நியாயமாகத் தோன்றும் பல குறிக்கோள்களை வைத்து அதே முடிவைச் சோதியுங்கள். ஒன்றில் முதலிடமும் மற்றொன்றில் அழிவும் தரும் முடிவைவிட, எல்லாவற்றிலும் தாங்கத்தக்க முடிவே மேல். மூன்றாவது, நட்டம் வந்தால் அதனைச் சுமக்கப்போகின்றவர் யாரோ அவரைக் கேட்டுக் குறிக்கோளை எழுதுங்கள். சராசரி வேண்டுமா, காப்பு வேண்டுமா என்று சொல்லும் உரிமை அவருக்கே உண்டு. வேறொருவர் சுமக்கும் நட்டத்தை வைத்துத் துணிவு பேசுவது எளிது.

இச்சங்கம் கால் நூற்றாண்டாகத் தன் குறிக்கோளை எவ்வாறு எழுதிவந்திருக்கின்றது என்று நான் எண்ணிப் பார்த்தேன். முதல் மதிப்பெண் பெற்றோரின் படங்கள் இம்மலரில் இடம்பெறுவது மகிழ்ச்சிக்குரியது. அதனோடு, இடையில் நின்றுவிடாமல் படிப்பை முடித்தோர் எத்தனை பேர், நின்றபின் மீண்டும் அழைத்துவரப்பட்டோர் எத்தனை பேர் என்னும் எண்களையும் வருங்கால ஆண்டறிக்கைகளில் எழுதிவருமாறு பணிவுடன் வேண்டுகின்றேன். எதனை எழுதுகின்றோமோ அதனையே நாளடைவில் நாடுவோம்.

என் தந்தையார் இன்று இல்லை. அவருக்கு நான் காட்டிய தாளில் கூட்டல் கழித்தல் அனைத்தும் சரியாகவே இருந்தன. குறிக்கோள் மட்டும் அவருடையதாக இல்லை. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் என்னினும் நன்றாகக் கணிதம் கற்பார்கள். கற்றபின் ஊருக்குத் திரும்பித் தம் பெற்றோரின் கணக்கைத் திருத்தப் புகுமுன், அவர்கள் எதை நாடிக் கணக்கிட்டார்கள் என்று ஒருமுறை கேட்டறிய வேண்டும் என்பதே என் விருப்பம்.

சங்கம் பொன்விழாவும் நூற்றாண்டு விழாவும் கண்டு, வரும் தலைமுறைகளின் காலடியில் உறுதியான தளமாக விளங்க வாழ்த்துகின்றேன்.